ஜான் கிளீசன்: கோட்டி வழக்கிலிருந்து நீதிபதி இருக்கை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் மாஃபியா தலைவன் ஜான் கோட்டிக்கு 1992-இல் ஆயுள் தண்டனை வாங்கித் தந்த அரசுத் தரப்பை முன்னின்று நடத்தியவர் ஜான் கிளீசன். இரண்டே ஆண்டில் அதே புரூக்ளின் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் நீதிபதியானார். குற்றவாளிக்கு எத்தனை ஆண்டு சிறை என்பதை அமெரிக்காவில் உண்மையில் முடிவு செய்வது நீதிபதியா, அரசு வழக்கறிஞரா? இந்தக் கேள்வியை அவர் பதவியில் இருந்த காலம் முழுக்க விடவில்லை. இரண்டு பொறுப்பையும் வகித்தவர் என்பதால் அவர் சொன்ன பதிலைச் சட்டத்துறையில் யாராலும் எளிதாகத் தள்ள முடியவில்லை.

அவருடைய பின்னணி என்ன?

1953-இல் பிறந்தவர், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்காரர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து, 1980-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பாய்ஸ் மார்ட்டினிடம் ஓராண்டு சட்ட எழுத்தராக வேலை. பிறகு கிரவாத் என்ற பெரிய தனியார் சட்ட நிறுவனம். 1985-இல் அதை விட்டுவிட்டு, நியூயார்க் கிழக்கு மாவட்டத்தில் துணை அரசு வழக்கறிஞராகச் சேர்ந்தார். புரூக்ளின், குயின்ஸ், ஸ்டேட்டன் தீவு, லாங் ஐலண்டின் நாசாவ், சஃபோக் பகுதிகள் ஆகியவை அந்த மாவட்டத்துக்குள் வருகின்றன.

சட்டக் கல்லூரி, நீதிபதியிடம் எழுத்தர் வேலை, சில ஆண்டு தனியார் நிறுவனம், பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகம். ஃபெடரல் நீதிபதிகளில் பலர் வந்த வழி இதுதான்.

ஃபெடரல் அரசு வழக்கறிஞருக்கு என்ன அதிகாரம்?

நாம் நினைப்பதைவிட மிக அதிகம். நாடு 94 ஃபெடரல் நீதிமன்ற மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞரை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. அவருக்குக் கீழே வேலை செய்யும் துணை வழக்கறிஞர்களுக்கு அது அரசு உத்தியோகம். ஆட்சி மாறினாலும் பெரும்பாலோர் தொடர்வார்கள்.

போலீஸ் தயாரித்துக் கொடுத்த வழக்கை வாதாடுவதோடு இவர்கள் வேலை முடிவதில்லை. எஃப்.பி.ஐ.யுடன் சேர்ந்து விசாரணைக்கு வழிகாட்டுவது, சாட்சிகளுக்கு சம்மன் அனுப்புவது, எந்தச் சட்டப் பிரிவில் குற்றம் சாட்டலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் இவர்கள் கையில். பெரிய குற்றம் என்றால் கிராண்ட் ஜூரியிடம் போக வேண்டும். 16 முதல் 23 பொதுமக்கள் உட்காரும் அந்த அறையில் 12 பேர் சம்மதித்தால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். குற்றம் சாட்டப்படுபவரின் வக்கீலுக்கு உள்ளே அனுமதி இல்லை, நீதிபதியும் இருப்பதில்லை.

எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கும் இந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளீசன் பின்னாளில் எழுதிய முக்கியமான தீர்ப்புகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

1987-இல் கோட்டி எப்படித் தப்பினார்?

அந்த வழக்கை நடத்தியவர் டயான் ஜக்கலோனி; கிளீசன் அவருக்குத் துணை. ஏழு மாதம் நீண்ட விசாரணை. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது பழைய குற்றவாளிகளின் சாட்சியத்தை. அவர்களுக்கு அரசு என்னென்ன சலுகை தந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் துருவித் துருவிக் கேட்டதில் சாட்சியத்தின் மதிப்பு சரிந்தது. 1987 மார்ச் 13 அன்று எல்லோரும் விடுதலை.

இன்னொரு காரணம் பிறகுதான் வெளியே வந்தது. ஜூரியில் ஒருவர் 60,000 டாலர் லஞ்சம் வாங்கியிருந்தார். ஃபெடரல் குற்ற வழக்கில் ஜூரியின் 12 பேரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒரே ஒருவரை வாங்கிவிட்டால் தண்டனை கிடைக்க வழியே இல்லை.

1992-இல் என்ன மாற்றம்?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம். முதலில் ஒலிப்பதிவு. மன்ஹாட்டனின் மல்பெரி தெருவில் ரேவனைட் என்ற கிளப்பில் கோட்டியின் ஆட்கள் கூடுவது வழக்கம். ரகசியம் பேச வேண்டுமென்றால் அதே கட்டடத்தின் மாடியில் ஒரு விதவை மூதாட்டியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எஃப்.பி.ஐ. அந்த வீட்டுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது. யாரை ஏன் கொல்லச் சொன்னேன் என்று கோட்டி சொல்வது அவர் குரலிலேயே பதிவானது. பேரம் பேசிச் சாட்சி சொல்ல வந்தவன் என்று ஒலிநாடாவைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது ஜூரி. இந்த முறை ஜூரி உறுப்பினர்களின் பெயர், முகவரி யாருக்கும் தெரியாமல் வைக்கப்பட்டது; விசாரணை முடியும்வரை வெளித்தொடர்பின்றித் தனி இடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். கோட்டியின் வழக்கமான வக்கீல் புரூஸ் கட்லரின் குரலும் ஒலிநாடாக்களில் இருந்ததால், அவர் சாட்சியாகவே ஆகிவிடக்கூடும் என்று நீதிபதி லியோ கிளாசர் அவரை வழக்கிலிருந்து விலக்கினார்.

மூன்றாவது சாமி கிராவானோ. மாஃபியா கும்பலில் கோட்டிக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். மாடி வீட்டுப் பதிவுகளில் கோட்டி தன்னைப் பற்றி என்ன பேசினார் என்று கேட்ட பிறகு, 1991-இல் அப்ரூவராக மாறினார். 1985 டிசம்பர் 16 அன்று ஸ்பார்க்ஸ் உணவகத்தின் வாசலில் பழைய தலைவன் பால் கஸ்டெலானோ சுடப்பட்டபோது, தானும் கோட்டியும் பக்கத்தில் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சாட்சி சொன்னார்.

ஒலிநாடாவும் அப்ரூவரும் ஒன்றையொன்று தாங்கி நின்றதுதான் வெற்றிக்குக் காரணம். அப்ரூவர் மட்டும் இருந்திருந்தால் 1987 கதை திரும்ப நடந்திருக்கும். 1992 ஏப்ரல் 2 அன்று ஜூரி குற்றவாளி என்றது. ஜூன் 23 அன்று ஆயுள் தண்டனை. ஃபெடரல் முறையில் பரோல் கிடையாது. கோட்டி 2002 ஜூன் 10 அன்று சிறைக்கைதியாகவே இறந்தார்.

19 கொலைகளில் பங்கு இருப்பதாக ஒப்புக்கொண்ட கிராவானோவுக்கு ஐந்து ஆண்டுதானா?

ஆம். மனதை உறுத்துகிற விஷயம்தான். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று நீதிபதிகளுக்கு வகுத்துத் தரும் தண்டனை வழிகாட்டு நெறிகளில், அரசுக்குக் கணிசமாக உதவியவருக்குத் தண்டனையைக் குறைக்கத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அதற்கான மனுவை அரசு வழக்கறிஞர்தான் போட வேண்டும். சட்டம் கட்டாயமாக விதிக்கும் குறைந்தபட்ச ஆண்டுகளுக்குக் கீழே இந்தக் காரணத்துக்காக இறங்க வேண்டுமானாலும் அந்த மனு இல்லாமல் நீதிபதியால் இறங்க முடியாது. கிராவானோ விஷயத்தில் அவர் அரசுத் தரப்புடன் செய்த ஒப்பந்தமே உச்ச வரம்பை 20 ஆண்டு என்று கட்டிவிட்டது; 1994-இல் நீதிபதி கிளாசர் ஐந்து ஆண்டு விதித்தார். 2000-இல் அரிசோனாவில் போதை மாத்திரை வழக்கில் பிடிபட்டு, அவர் மறுபடியும் நீண்ட காலம் சிறையில் இருந்தார்.

அரசு வழக்கறிஞர் நீதிபதியாவது எப்படி? தேர்வு உண்டா?

தேர்வு இல்லை. அரசியலமைப்பு வயதையோ சட்டப் பட்டத்தையோகூடத் தகுதியாகக் குறிப்பிடவில்லை. நடைமுறையில் மாநிலத்தின் செனட்டர்கள் ஒரு குழு வைத்துப் பெயர்களைச் சலித்து வெள்ளை மாளிகைக்கு அனுப்புவார்கள். நீண்ட கேள்விப் படிவம், எஃப்.பி.ஐ. பின்னணி விசாரணை, வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீடு எல்லாம் நடக்கும். பிறகு ஜனாதிபதி முன்மொழிவார். செனட்டின் நீதித்துறைக் குழு விசாரித்து அனுப்ப, முழு செனட் வாக்களிக்கும்.

பெரும்பாலும் சிக்குவது சொந்த மாநில செனட்டர்களிடம்தான். மாவட்ட நீதிபதி நியமனத்தில் அவர்கள் கருத்துக் கேட்டு அனுப்பப்படும் 'நீலச்சீட்டை' ஒப்புதலுடன் திருப்பித் தராவிட்டால் குழு பெயரை எடுப்பதே இல்லை என்பது நெடுநாள் வழக்கம். கிளீசனை 1994-இல் ஜனாதிபதி கிளின்டன் முன்மொழிந்தார்; அதே ஆண்டு ஒப்புதல் வந்துவிட்டது. அப்போது அவருக்கு 41 வயது. பதவி ஆயுள் முழுவதற்கும். பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்து, செனட் விசாரித்துக் குற்றவாளி என்று முடிவு செய்தால்தான் நீக்க முடியும்.

முன்னாள் அரசு வழக்கறிஞர் அரசின் பக்கம் சாய மாட்டாரா?

தான் கையாண்ட வழக்கு தன் முன்னால் வந்தால் விலகியே ஆக வேண்டும். சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது. அதற்குமேல் மனச்சாய்வு என்பது ஆளைப் பொறுத்தது. கிளீசனிடம் அனுபவம் எதிர்த்திசையில் வேலை செய்தது. அரசுத் தரப்பு என்ன மிரட்டல் விடுகிறது, எதை விட்டுக்கொடுக்கிறது, எந்தப் பிரிவை எதற்காக வைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மற்ற நீதிபதிகள் ஊகிக்க வேண்டியதை அவரால் நேராகப் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது.

கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையில் அவருக்கு என்ன பிரச்சினை?

கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் 28 கிராம் என்று குற்றப்பத்திரிகையில் ஏறினால் குறைந்தது ஐந்து ஆண்டு. 280 கிராம் என்றால் பத்து. 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் அளவு இது. அதற்கு முன் வெறும் 5 கிராமுக்கே ஐந்து ஆண்டு. 2005-இல் உச்ச நீதிமன்றம் தண்டனை வழிகாட்டு நெறிகள் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனை மட்டுமே என்றது. ஆனால் கட்டாயத் தண்டனை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அது அப்படியே நின்றது.

இந்தத் தண்டனைகளை 1986-இல் கொண்டுவந்தபோது, போதைக் கும்பலை நடத்தும் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். சட்டத்தில் எழுதியதோ எடை அளவு. தெருமுனையில் பொட்டலம் கைமாற்றும் கடைநிலை ஆளிடமும் அந்த எடை சேர்ந்துவிடும். 2012-இல் டாசி என்பவரின் வழக்கில் கிளீசன் இதைத்தான் எழுதினார். கடைநிலை ஆள் என்று அறிந்தும், அரசுத் தரப்பு அந்தப் பிரிவைச் சேர்த்ததால் ஐந்து ஆண்டு விதிக்க வேண்டியதாயிற்று. தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும் மட்டும் இந்தப் பிரிவைப் பயன்படுத்துங்கள் என்று ஃபெடரல் அரசு வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் மேலே இருக்கும் அட்டர்னி ஜெனரலுக்கே அந்தத் தீர்ப்பில் வேண்டுகோள் வைத்தார். 2013 ஆகஸ்டில் அன்றைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் அந்தத் திசையில் கொள்கையை மாற்றினார். 2017-இல் அந்தப் பதவியில் இருந்த ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் அதே பதவியில் இருந்த மெரிக் கார்லண்ட் திரும்பக் கொண்டுவந்தார். சுற்றறிக்கையால் வருவது சுற்றறிக்கையால் போகும். சட்டத் திருத்தம் தேவைப்படுவது இதனால்தான்.

2013 அக்டோபரில் கூப்பா வழக்கில் இன்னும் கூர்மையாக எழுதினார். பழைய போதைக் குற்றம் இருப்பதாக அரசு வழக்கறிஞர் ஒரு தாள் தாக்கல் செய்தால், அன்றைய சட்டப்படி 10 ஆண்டு 20 ஆகும். இரண்டு பழைய குற்றம் என்றால் பரோல் இல்லாத ஆயுள். தாக்கல் செய்வதும் திரும்பப் பெறுவதும் அரசுத் தரப்பின் விருப்பம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் தாக்கல் செய்வோம் என்று சொல்லிப் பணியவைப்பதற்கே அந்தத் தாள் பயன்படுகிறது, எவ்வளவு தண்டனை நியாயம் என்பதற்கு அதில் இடமே இல்லை என்றார். ஃபெடரல் தண்டனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் விசாரணையே இல்லாமல் ஒப்புதல் பேரத்தில் முடிகின்றன. ஏன் என்று கேட்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். 2018-இன் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம் 20-ஐ 15 ஆகவும், ஆயுளை 25 ஆண்டாகவும் குறைத்தது.

ஹாலோவே வழக்கு என்ன? அதை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1994-இல் நடந்த மூன்று கார் பறிப்புகள். துப்பாக்கியைக் காட்டியது ஹாலோவே அல்ல, அவருடைய கூட்டாளி. அரசுத் தரப்பு சுமார் 11 ஆண்டுக்குப் பேரம் பேசியது. ஹாலோவே மறுத்து விசாரணைக்குப் போனார், தோற்றார்.

அப்போதைய சட்டப்படி, குற்றத்தில் துப்பாக்கி இருந்தால் முதல் தடவைக்கு 5 ஆண்டு, அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 20 ஆண்டு. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். மூன்றும் ஒரே குற்றப்பத்திரிகையில் இருந்தாலும் அப்படித்தான் கூட்டினார்கள். 5, 20, 20 என 45 ஆண்டு. கார் பறிப்புகளுக்கு 151 மாதம் தனி. மொத்தம் 57 ஆண்டு 7 மாதம். விதித்த நீதிபதி கிளீசன். அதற்குக் குறைய விதிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இதே வழக்கு வேறொரு சட்டக் கேள்வியில் 1999-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கும் தோற்றது.

மேல்முறையீடு, மறுஆய்வு எல்லாம் தீர்ந்த பிறகு நீதிபதிக்கு எந்த அதிகாரமும் மிச்சமில்லை. கிளீசன் செய்தது என்னவென்றால், அன்றைய மாவட்ட அரசு வழக்கறிஞர் லொரெட்டா லிஞ்சிடம், துப்பாக்கிக் குற்றச்சாட்டுகளில் இரண்டைக் கைவிடுவது பற்றி யோசியுங்கள் என்று உத்தரவிலேயே கேட்டார். முதலில் இணங்காத அரசுத் தரப்பு, திரும்பக் கேட்டபின் 2014-இல் சம்மதித்தது. ஹாலோவே சிறையில் ஒழுங்காக நடந்துகொண்டதும், கார் பறிகொடுத்தவர்கள் விடுதலைக்கு எதிராக நிற்காததும் உதவின. ஏறத்தாழ 20 ஆண்டு சிறைக்குப் பின் தண்டனை திருத்தப்பட்டது.

மற்ற நீதிமன்றங்களில் வக்கீல்கள் இதை முன்மாதிரியாகக் காட்டி மனுப்போடத் தொடங்கினார்கள். பலவீனமும் அதிலேயே இருக்கிறது: அரசுத் தரப்பு முடியாது என்றால் அதோடு முடிந்தது. 2018 சட்டம் ஒரே வழக்குக்குள் இப்படி அடுக்கிக் கூட்டுவதை நிறுத்தியது, ஆனால் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்கு அதைப் பின்தேதியிட்டுத் தரவில்லை.

தண்டனை முடிந்தவர்களுக்காக ஏதாவது செய்தாரா?

'ஜேன் டோ' என்ற புனைபெயரில் ஒரு பெண் தொடுத்த வழக்கு இருக்கிறது. வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பராமரிப்பவர். 2001-இல் போலி விபத்துக் காப்பீட்டு மோசடியில் தண்டிக்கப்பட்டார். 2002-இல் அவருக்கு ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தவர் கிளீசன். பின்னணிச் சோதனையில் பழைய வழக்கு தெரியவரும்போதெல்லாம் அவருக்கு வேலை போனது. தான் விதித்தது ஆயுள் முழுக்க வேலையின்மை அல்ல என்று சொல்லி, 2015 மே மாதம் அந்தத் தண்டனைப் பதிவையே அழிக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டபூர்வமான தண்டனைப் பதிவை அழிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்று ரத்து செய்தது. 2016 மார்ச்சில், பதவியை விடுவதற்குச் சற்று முன், அதே மோசடியில் தண்டிக்கப்பட்ட இன்னொரு பெண்ணுக்குப் பதிவை அழிக்க மறுத்து, திருந்தி வாழ்கிறார் என்று நீதிமன்றத்தின் பெயரில் சான்றிதழ் கொடுத்தார்.

நிறைய தீர்ப்புகள் மேலே ரத்தாகியிருக்கின்றனவே?

ஆகியிருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் புரூக்ளினில் அடைக்கப்பட்ட முஸ்லிம் கைதிகள் உயரதிகாரிகள் மீது தொடுத்த வழக்கைத் தொடர 2005-இல் அனுமதித்தார். 2009-இல் 'இக்பால்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் 5–4 என அரசுக்குச் சாதகமாக முடித்தது. சிவில் வழக்கு மனுவில் எவ்வளவு விவரம் வேண்டும் என்பதற்கு இன்று எல்லா ஃபெடரல் நீதிமன்றமும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களுடன் வணிகர்கள் செய்த சுமார் 570 கோடி டாலர் சமரசத்துக்கு அவர் 2013-இல் தந்த ஒப்புதலும் 2016-இல் ரத்தானது.

எச்.எஸ்.பி.சி. விவகாரம் இன்னும் முக்கியம். போதைக் கும்பல்களின் பணம் புழங்க இடம் கொடுத்ததற்காக அந்த வங்கி 2012 டிசம்பரில் சுமார் 190 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அரசு வழக்கைத் தள்ளிவைத்தது. நீதிமன்றம் வெறுமனே முத்திரை குத்தும் இடமல்ல என்று சொல்லி, ஒப்பந்தத்தை ஏற்றாலும், அது ஒழுங்காக நடக்கிறதா என்று கிளீசன் காலாண்டு அறிக்கை கேட்டார். வங்கியைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவரின் அறிக்கையைப் பொதுமக்களுக்குத் தரவும் உத்தரவிட்டார். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுத் தரப்பின் தவறு எதுவும் தெரியாத நிலையில் நீதிபதி இதில் மேற்பார்வை செய்ய முடியாது என்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வங்கிக்கும் அரசுக்கும் இடையிலான பேரத்தைப் பார்க்க வேறு யாருக்கும் உரிமையில்லை என்ற நிலைதான் மிஞ்சுகிறது.

பங்குச்சந்தை மோசடிக்காரர் ஜோர்டன் பெல்ஃபோர்ட்டுக்குத் தண்டனை கொடுத்தவரும் இவர்தானா?

ஆம். 2003-இல் நான்கு ஆண்டு சிறை, பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் 11 கோடி டாலர் திருப்பித் தர உத்தரவு. அரசுக்கு உதவிய அவர் 22 மாதமே சிறையில் இருந்தார்.

ஆயுள்காலப் பதவியை 2016-இல் ஏன் விட்டார்? ஓய்வூதியம் உண்டா?

தனியார் வழக்கறிஞராக டெபவாய்ஸ் அண்ட் பிளிம்ப்டன் நிறுவனத்துக்குப் போனார். ஓய்வூதிய விதி கறாரானது. 65 வயதும் 15 ஆண்டு சேவையும் இருந்தால் முழுச் சம்பளத்துடன் ஓய்வு. வயது கூடக் கூடச் சேவை ஆண்டு குறையலாம், கூட்டுத்தொகை 80 வர வேண்டும். ஆனால் 65-க்கு முன் விலகினால், எத்தனை ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் இந்தச் சலுகை இல்லை. கிளீசன் 62 வயதில், 21 ஆண்டு சேவையுடன் போனார். அந்த ஆண்டு மாவட்ட நீதிபதியின் சம்பளம் 203,100 டாலர்.

மைக்கேல் ஃபிளின் வழக்கில் இவர் எப்படி வந்தார்?

ஜனாதிபதி டிரம்பின் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஃபிளின், எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டவர். 2020 மே மாதம் அரசே வழக்கை வாபஸ் வாங்க மனுப்போட்டது. அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். இரு தரப்பும் ஒரே பக்கம் நின்றதால் எதிர்வாதம் செய்ய ஆளில்லை. நீதிபதி எம்மெட் சல்லிவன் கிளீசனை அமிகஸ் கியூரியாக, அதாவது நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞராக நியமித்தார். இந்த வாபஸ் அரசு வழக்கறிஞர் அதிகாரத்தின் மோசமான துஷ்பிரயோகம் என்று கிளீசன் ஜூன் மாதம் அறிக்கை தந்தார். முடிவு வருவதற்குள் நவம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்க, வழக்கைத் தொடரவே அவசியமில்லாமல் போய்விட்டது. நியமனத்துக்கு இரண்டு நாள் முன்பு கிளீசன் இதே வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தார். முன்முடிவோடு வந்தவர் என்ற எதிர்ப்புக்கு அது இடம் கொடுத்தது.

பிறகு?

2022 ஆகஸ்டில், தண்டனை வழிகாட்டு நெறிகளை வகுக்கும் அமெரிக்கத் தண்டனை ஆணையத்தின் உறுப்பினராக செனட் ஒப்புதல் பெற்றார். வாக்குரிமை உள்ள ஏழு இடங்களில் போதிய ஆள் இல்லாததால் 2019 தொடக்கத்திலிருந்து எந்தத் திருத்தமும் செய்ய முடியாமல் இருந்த அமைப்பு அது. 2023-இல் ஆணையம் செய்த திருத்தங்களில் ஒன்று: அசாதாரணமாக நீண்ட தண்டனையில் பத்து ஆண்டாவது கழித்தவர், இடையில் சட்டம் மாறி இன்றைய தண்டனை மிகக் குறைவாக இருக்கும் என்றால், தண்டனைக் குறைப்பு கேட்டு நீதிபதியிடம் நேரடியாக மனுப்போடலாம். ஹாலோவே போன்றவர்களுக்கு முன்பு அரசுத் தரப்பின் மனமிரக்கம் மட்டுமே வழியாக இருந்தது. அரசுத் தரப்பு இந்தத் திருத்தம் ஆணையத்தின் அதிகாரத்தை மீறியது என்று பல நீதிமன்றங்களில் எதிர்த்தது.

தீர்ப்புகளை எங்கே, எந்த வரிசையில் படிக்கலாம்?

ஃபெடரல் தீர்ப்புகளுக்குக் காப்புரிமை இல்லை. நீதிமன்றங்களின் 'பேசர்' இணையதளத்தில் ஆவணங்களுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர்; ஆனால் தீர்ப்புகள் இலவசம். காலாண்டில் 30 டாலருக்குள் பயன்படுத்தினால் மற்றவற்றுக்கும் கட்டணம் இல்லை. ஹாலோவே உத்தரவு குறுகியது, சட்டம் படிக்காதவருக்கும் புரியும், அதில் தொடங்குங்கள். அடுத்து டாசி, அதன்பின் கூப்பா. கூப்பா தீர்ப்பு நீளமானது; சட்டத்தின் வரலாறு வரும் பகுதியில் அலுப்புத் தட்டினால், அரசுத் தரப்பு பேரம் பேசிய விதத்தைத் தேதி வாரியாக விவரிக்கும் பகுதியை முதலில் படித்துவிட்டுத் திரும்பி வரலாம்.